அனிமே போர்க்கப்பல் அடிபட்டால் அந்தச் சேதத்தை அலசுவது எப்படி? யமாட்டோவை வைத்து ஒரு முழு வழிகாட்டி

ஒரு சண்டைக் காட்சி முடிந்ததும் கப்பலில் எத்தனை ஓட்டை விழுந்தது என்று எண்ணுவதில்தான் பெரும்பாலும் இந்த வேலை தொடங்குகிறது. எண்ணலாம், தப்பில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையை வைத்துக் கப்பலின் நிலைமையைச் சொல்லிவிட முடியாது. அடிபட்ட கப்பலைப் பற்றி நிஜக் கடற்படைகள் கேட்கும் கேள்விகள் மூன்று: மிதக்கிறதா, நகர்கிறதா, சண்டை போட முடிகிறதா. வரிசையும் இதேதான், ஏனென்றால் மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பலின் பீரங்கி வேலை செய்தாலும் அதனால் பெரிய பயனில்லை. விண்வெளிக் கப்பல் என்றால் முதல் கேள்வியை "உள்ளே காற்று நிற்கிறதா" என்று மாற்றிக்கொள்ளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால்தான் அலசல் முடிந்ததாக அர்த்தம்.

உதாரணத்துக்கு விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோவை எடுத்துக்கொள்கிறேன். 1974 அக்டோபரில் தொடங்கி 1975 மார்ச்சில் முடிந்த 26 பகுதி ஜப்பானிய அனிமேத் தொடர் அது. அதன் மறு ஆக்கமான 'யமாட்டோ 2199' (இனி 2199) திரையரங்குகளில் 2012லும் தொலைக்காட்சியில் 2013லும் வந்தது, அதுவும் 26 பகுதிதான். இந்தக் கப்பலைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு காரணம். பழையது கையால் வரைந்தது, புதியதில் கப்பல் பெரும்பாலும் கணினி மாதிரி, அதனால் இரண்டு விதமான படத்தையும் படித்துப் பழகலாம். அதைவிட முக்கியம், கதைப்படி இது 1945ல் மூழ்கிய ஜப்பானின் நிஜப் போர்க்கப்பல் யமாட்டோவின் சிதைவுக்குள் கட்டப்பட்டது. அந்த நிஜக் கப்பல் எப்படி அடி வாங்கியது என்பதற்குப் பதிவுகள் இருக்கின்றன, பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

முதல் படி: ஒரு சண்டை, ஒரு பதிப்பு

தொடர் முழுவதையும் ஒரே மூச்சில் அலசப் போகாதீர்கள். ஒரே ஒரு சண்டையை எடுங்கள், முடிந்தால் கப்பல் நன்றாக அடி வாங்கித் தப்பிக்கும் சண்டையாக. எதிரித் தளபதி டோமெலோடு ஏழு வண்ண விண்மீன் கூட்டத்தில் நடக்கும் சண்டை இதற்கு அருமையானது, கப்பலின் மூக்கிலும் அடியிலும் இரண்டு வேறு விதமான ஆபத்து அதில் வருகிறது.

அப்புறம் எந்தப் பதிப்பைப் பார்க்கிறீர்கள் என்று குறிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். தொலைக்காட்சியில் வந்த படத்தை வட்டில் வெளியிடும்போது சில காட்சிகளைத் திருத்தி வரைவது அனிமேயில் சாதாரணம். மறு ஆக்கம் என்றால் கப்பலே வேறு. பழைய யமாட்டோவின் நீளம் 265.8 மீட்டர், 2199ல் 333 மீட்டர். நீளத்தில் கால் பங்குதான் கூடியிருக்கிறது, ஆனால் வடிவம் ஒன்றே என்றால் உள்ளே இருக்கும் இடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். மாலுமிகளும் 114 பேரிலிருந்து 999 பேர் ஆகிவிட்டார்கள். ஒரு பதிப்பில் பார்த்த ஓட்டையை இன்னொரு பதிப்பின் அறை அமைப்போடு பொருத்தினால் அதற்குமேல் வரும் எல்லாக் கணக்கும் தப்பாகிவிடும்.

இரண்டாவது படி: அடிபடாத கப்பலின் வரைபடம்

சேதத்தைத் தேடுவதற்கு முன்னால் சேதமில்லாத கப்பலை முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கவாட்டு, மேல், கீழ், முன், பின் என்று தெளிவான படங்களை எடுத்துவைத்து, நீளவாக்கில் பத்துத் துண்டாகவும் உயரவாக்கில் மூன்று துண்டாகவும் கட்டம் போடுங்கள், இடம் வலம் தனித்தனியாக. ஒவ்வொரு கட்டத்துக்கும் "இடம், 4, நடு" என்பது போல ஒரு பெயர். யமாட்டோவில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று முக்கியப் பீரங்கிக் கோபுரங்கள், நடுவில் பாலக் கோபுரம் (பாலம் என்றால் கப்பலை இயக்கும் கட்டுப்பாட்டு மேடை), மூக்கில் கப்பலின் மிகப் பெரிய ஆயுதமான அலைப் பீரங்கி, வயிற்றுக்குக் கீழே தொங்கும் மூன்றாம் பாலம். இவை எந்தெந்தக் கட்டத்தில் வருகின்றன என்று குறித்துவிட்டால் பிறகு "அங்கே எங்கேயோ அடி விழுந்தது" என்று எழுத வேண்டியிருக்காது.

மூன்றாவது படி: பார்ப்பது

முதல் தடவை எதையும் எழுதாமல், நிறுத்தாமல் பாருங்கள். யார் எங்கிருந்து சுட்டார்கள், கப்பல் எந்தப் பக்கம் திரும்பியது, எந்த வரிசையில் அடி விழுந்தது என்பது மனதில் நின்றால் போதும். இரண்டாவது தடவைதான் சட்டம் சட்டமாக, அதாவது ஃபிரேம் ஃபிரேமாக. விஎல்சி பிளேயரில் ஆங்கில 'E' விசையைத் தட்டினால் ஒவ்வொரு சட்டமாக முன்னே போகும். எம்பிவி (mpv) பிளேயர் என்றால் முற்றுப்புள்ளி முன்னே, காற்புள்ளி பின்னே. பின்னே போக முடிவது ரொம்ப உதவும்.

அனிமேயில் ஒரு விநாடிக்கு 24 சட்டம் ஓடினாலும் ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று சட்டத்துக்கு நிறுத்திவைப்பது வழக்கம். அதனால் ஒரு விநாடியில் உங்களுக்குக் கிடைக்கும் புதிய படங்கள் 8 முதல் 12 வரைதான். குண்டு வெடிக்கும்போது திரை முழுக்க வெள்ளையாகும் அல்லவா, நல்ல கப்பல் ஓவியத்தை எடுத்துவிட்டு அடிபட்ட ஓவியத்தை வைப்பது பெரும்பாலும் அந்த வெள்ளைக்குள்தான் நடக்கும். வெள்ளைக்கு முந்தைய கடைசிச் சட்டத்தையும் பிந்தைய முதல் சட்டத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்த ஒரு ஜோடிப் படம் பத்து நிமிடக் காட்சியைவிட அதிகம் சொல்லும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கையால் வரைந்த பழைய தொடர்களில் முன்பே வரைந்த காட்சியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். அருகில் காட்டும்போது பக்கவாட்டில் பெரிய ஓட்டை இருக்கும், அடுத்த நொடி தூரத்திலிருந்து காட்டும்போது கப்பல் பளபளவென்று போகும். சேதம் சரியாகிவிட்டது என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது, அது பழைய படச்சுருள், அவ்வளவுதான். பழைய தொடரில் அருகிலிருந்து காட்டும் படத்தை நம்புங்கள், தூரக் காட்சியைக் கப்பல்களின் நிலையையும் திசையையும் அறிய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கணினி மாதிரியில் விஷயம் வேறு. சேதமடைந்த மாதிரியை ஒருமுறை செய்துவிட்டால் எந்தக் கோணத்திலும் அதையே காட்டலாம், ஆகவே 2199ல் ஒரு சேதம் காணாமல் போனால் அதற்கு அர்த்தம் இருக்க வாய்ப்பு அதிகம்.

காட்சியை இடம்வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். யமாட்டோ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். உடம்பில் எழுத்து இருந்தால் அது, இல்லாவிட்டால் முந்தைய காட்சியில் எதிரி எந்தப் பக்கம் இருந்தான் என்பது காட்டிக்கொடுக்கும்.

நான்காவது படி: அளப்பது

பக்கவாட்டுக் காட்சியில் கப்பல் முழுசாகத் தெரிந்தால் கணக்கு எளிது. 333 மீட்டர் கப்பல் திரையில் 1,500 புள்ளி (பிக்சல்) நீளம் என்றால் ஒரு புள்ளி 22 சென்டிமீட்டர். ஓட்டை 18 புள்ளி அகலம் என்றால் நிஜத்தில் 4 மீட்டர். இதே படம் பழைய கப்பலாக இருந்தால் 3.2 மீட்டர்தான். ஓட்டையின் இரண்டு விளிம்பிலும் ஒவ்வொரு புள்ளி தவறினாலே 44 சென்டிமீட்டர் போய்விடும் என்பதால் "4.02 மீட்டர்" என்றெல்லாம் எழுதாதீர்கள். "மூன்றரை முதல் நாலரை" என்று எழுதுவதுதான் நேர்மை.

கப்பல் சாய்வாக நம்மை நோக்கி வரும் காட்சியில் முழு நீளத்தை வைத்து அளக்கவே கூடாது. முன்பகுதி பெரிதாகவும் பின்பகுதி சிறிதாகவும் தெரியும். ஓட்டைக்குப் பக்கத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்றைத் தேடுங்கள். பீரங்கிக் கோபுரம், ஜன்னல் வரிசை, அதிர்ஷ்டம் இருந்தால் விண்வெளி உடையில் ஓர் ஆள்.

ஐந்தாவது படி: ஓட்டையின் விளிம்பைப் படிப்பது

தகடு உள்நோக்கி மடங்கியிருந்தால் அடி வெளியிலிருந்து வந்தது. வெளிநோக்கிப் பூப்போல விரிந்திருந்தால் இரண்டில் ஒன்று: மறுபக்கம் நுழைந்தது இங்கே வெளியே வந்திருக்கிறது, இல்லை உள்ளேயே ஏதோ வெடித்திருக்கிறது. மறுபக்கக் கட்டத்தில் ஒரு நுழைவு ஓட்டை இருக்கிறதா என்று உடனே பாருங்கள். இல்லையென்றால் உள்வெடிப்புதான், அது ரொம்பப் பெரிய செய்தி, ஏனென்றால் உள்ளே எரிபொருளோ வெடிமருந்தோ பற்றியிருக்கிறது. கதிர்த் தாக்குதல் என்றால் விளிம்பு கிழியாமல் உருகி வழிந்து, சிறிது நேரம் சிவந்திருக்கும். நல்ல ஓவியர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனமாகவே வரைகிறார்கள், நாம்தான் வேகமாக ஓட்டிவிடுகிறோம்.

ஆறாவது படி: ஓட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது

இந்த வேலையின் உயிரே இந்தப் படியில்தான் இருக்கிறது, இங்கே நிதானமாக நில்லுங்கள்.

1941 மே மாதத்தில் ஒரே வாரத்துக்குள் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். மே 24 அன்று பிரிட்டனின் ஹூட் போர்க்கப்பலின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது, சில நிமிடத்தில் கப்பல் இரண்டாகப் பிளந்து மூழ்கியது, இருந்த 1,418 பேரில் பிழைத்தது 3 பேர். அதை வீழ்த்திய ஜெர்மனியின் பிஸ்மார்க்கை மே 26 மாலை ஒரு டார்பிடோ பின்பகுதியில் அடித்தது. ஓட்டை என்று பார்த்தால் கப்பல் தாங்கக்கூடியதுதான், பீரங்கிகளும் இயந்திரமும் நன்றாகவே இருந்தன, ஆனால் சுக்கான் திரும்பிய நிலையிலேயே சிக்கிக்கொண்டது. போக வேண்டிய பக்கம் போக முடியவில்லை, மறுநாள் காலை பிரிட்டிஷ் கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. அடி எவ்வளவு பெரியது என்பதைவிட அது எதன்மேல் விழுந்தது என்பதுதான் இரண்டு கப்பலின் கதையையும் முடித்தது.

இப்போது டோமெல் சண்டைக்கு வாருங்கள். துளைப்பான் ஏவுகணை அலைப் பீரங்கியின் வாய்க்குள் சொருகிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கப்பலின் உடம்பில் புதிதாக ஒரு ஓட்டைகூட இல்லை, ஏற்கனவே இருக்கும் வாயில்தான் அது நிற்கிறது. ஓட்டையை எண்ணுகிறவர் "சேதம் இல்லை" என்று எழுதிவிடுவார். நம் மூன்று கேள்வியைக் கேட்டால் காற்று நிற்கிறது, கப்பல் நகர்கிறது, ஆனால் மிகப் பெரிய ஆயுதம் போய்விட்டது, போதாததற்கு வெடிக்கக் காத்திருக்கும் குண்டு ஒன்று மூக்கிலேயே இருக்கிறது. யமாட்டோவின் தொழில்நுட்ப அதிகாரி சனாடா அதன் இயக்கத்தைத் திருப்பிவிடும் வரை அந்த நிமிடங்கள்தான் அந்தச் சண்டையின் மிக மோசமான சேத நிலை என்பது என் கணிப்பு, பின்னால் டோமெல் தன் கப்பலையே யமாட்டோவின் அடியில் ஒட்டி வெடிக்கவைப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடிகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதையும் கட்டத்தில் பாருங்கள். நிஜ யமாட்டோ 1945 ஏப்ரல் 7 அன்று குறைந்தது 11 டார்பிடோவும் 6 குண்டும் வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் கவிழ்ந்தது. அதன் இரட்டைக் கப்பலான முசாஷி 1944 அக்டோபர் 24 அன்று ஏறத்தாழ 19 டார்பிடோவும் 17 குண்டும் வாங்கியும் அதைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடித்தது. முசாஷிக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்ததால் கப்பல் ஓரளவு சமமாகவே அமிழ்ந்தது. யமாட்டோவுக்குப் பெரும்பாலான டார்பிடோக்கள் இடப்பக்கமே விழுந்தன, சாய்வைச் சரிக்கட்ட வலப்பக்கம் தண்ணீர் விட்டும் போதவில்லை. விண்வெளியில் சாய்வு கிடையாது, ஆனாலும் ஒரே பக்கத்து அடிகள் ஒரே மின்பாதையை, ஒரே உந்துவிசைக் குழாயைத் துண்டிக்கக்கூடும். ஆகவே கட்டத்தில் அடிகள் குவிந்திருந்தால் தடித்த கோட்டால் சுற்றிவிடுங்கள்.

ஏழாவது படி: அடிக்குப் பிறகு பரவும் சேதம்

1944 ஜூன் 19 அன்று ஜப்பானின் தைஹோ விமானந்தாங்கிக் கப்பலை ஒரே ஒரு டார்பிடோ அடித்தது. கப்பல் தொடர்ந்து ஓடியது, விமானங்களையும் இயக்கியது. ஆனால் விமான எரிபொருள் தொட்டியில் விழுந்த விரிசலிலிருந்து ஆவி கசிந்து, காற்றோட்டக் குழாய் வழியாகக் கப்பல் முழுக்கப் பரவி, ஆறு மணி நேரம் கழித்து வெடித்தது. அனிமேயில் எல்லாம் முடிந்து அமைதியாக இருக்கும்போது திடீரென்று கப்பலுக்குள் வெடிப்பு வந்தால் "கதைக்காகச் சேர்த்தது" என்று தள்ளிவிடாதீர்கள். எந்தக் கட்டத்தில் வெடித்தது, முன்பு அதன் அருகே அடி விழுந்ததா என்று குறிப்பைப் புரட்டுங்கள்.

விண்வெளிக் கப்பலுக்குக் காற்றுக் கணக்கு ஒன்று இருக்கிறது, கைக்கு எளிதானது. நாம் சுவாசிக்கும் அழுத்தத்தில் இருக்கும் காற்று வெற்றிடத்துக்குள் பாயும்போது ஒரு சதுர மீட்டர் துளை வழியாக விநாடிக்குச் சுமார் 200 கன மீட்டர் போகும். அறையின் கன அளவை, துளையின் பரப்பு பெருக்கல் 200 என்பதால் வகுத்தால் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைய எத்தனை விநாடி என்று தெரியும். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறை 240 கன மீட்டர். அதில் அரை சதுர மீட்டர் துளை விழுந்தால் இரண்டரை விநாடி கூட ஆகாது. வெற்றிடத்தில் மாட்டிக்கொண்ட மனிதர் 10 முதல் 15 விநாடிக்குள் நினைவிழந்துவிடுவார், ஆக அந்த அறையில் விண்வெளி உடையில்லாமல் இருந்தவருக்குக் கதவை நோக்கி ஓடச் சில விநாடிகள்தான் கிடைக்கும். ஆனால் கதவுகள் திறந்து கிடந்து 10,000 கன மீட்டர் இடம் ஒன்றாக இணைந்திருந்தால் அதே துளைக்கு 100 விநாடி ஆகும். அந்த அறையில் இருப்பவருக்கு அது நல்லது, கப்பலுக்குக் கெட்டது, ஏனென்றால் அந்த இடம் முழுவதும் காலியாகிவிடும். கதவு மூடும் காட்சி, சிவப்பு விளக்கு, "தடுப்புச் சுவரை இறக்கு" என்ற கட்டளை எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். 1944 நவம்பர் 29 அன்று 4 டார்பிடோ வாங்கி மூழ்கிய ஷினானோ விமானந்தாங்கிக்கு நீர்புகா ஏற்பாடுகள் முடியாமலேயே கடலுக்குப் போனதுதான் எமனாக வந்தது.

தீயைப் பற்றிச் சுருக்கமாக. காற்று போன அறையில் தீ அணைந்துவிடும். அணையாமல் எரிந்தால் அங்கே இன்னும் காற்று இருக்கிறது, அல்லது எரிவது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னிடமே வைத்திருக்கும் பொருள். கப்பலுக்குப் பின்னால் கரும்புகை வால்போல நீளுவது இயற்பியல்படி சரியில்லை, அதைக் கப்பல் தடுமாறுகிறது என்று இயக்குநர் நமக்குச் சொல்லும் சைகையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது படி: சான்றுகளைத் தரம் பிரிப்பது

ஒவ்வொரு குறிப்புக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். திரையில் கண்டது, வசனத்தில் கேட்டது, தயாரிப்புக் குழு வெளியிட்ட வடிவமைப்பு ஏடுகளில் இருப்பது, நீங்களாக ஊகித்தது. நான்குக்கும் நான்கு நிறம் வைத்துக்கொண்டால் நல்லது. இவை ஒன்றோடு ஒன்று முட்டும்போது நான் பின்பற்றும் விதி இது: அடி எங்கே விழுந்தது என்பதில் படத்தை நம்புவேன், என்ன வேலை நின்றுபோனது என்பதில் வசனத்தை நம்புவேன். "இரண்டாம் கோபுரம் திரும்பவில்லை" என்று ஒரு மாலுமி கத்தினால் படத்தில் கோபுரம் புத்தம் புதிதாக இருந்தாலும் அது திரும்பவில்லை. மேலே கீறலே இல்லாமல் அடியில் இருக்கும் சுழல்வளையம் கோணியிருக்கலாம்.

ஒன்பதாவது படி: தீர்ப்பு, பிறகு பழுதுபார்ப்பு

சண்டையை நாலைந்து தருணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தருணத்திலும் காற்று, நகர்வு, போர் மூன்றுக்கும் "முழுசாக, பாதி, இல்லை" என்று எழுதுங்கள். கடைசி நிலையை மட்டும் எழுதினால் நடுவில் கப்பல் எவ்வளவு பள்ளத்துக்குப் போய்த் திரும்பியது என்பது தெரியாமல் போய்விடும்.

பழுதுபார்ப்பை மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். பவளக் கடல் சண்டையில் அடிபட்ட அமெரிக்காவின் யார்க்டவுன் விமானந்தாங்கிக்கு மூன்று மாத வேலை இருக்கும் என்று கணித்தார்கள். 1942 மே கடைசியில் பேர்ல் துறைமுகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறங்கி மூன்று நாளில் அதைக் கடலுக்கு அனுப்பினார்கள். எல்லாவற்றையும் சரிசெய்யவில்லை, சண்டைக்குத் தேவையானதை மட்டும். ஜூன் 4 அன்று மிட்வேயில் மறுபடி குண்டு வாங்கியபோது மாலுமிகள் தீயை எவ்வளவு சீக்கிரம் அணைத்து ஓடவிட்டார்கள் என்றால், இரண்டாவதாக வந்த ஜப்பானிய விமானிகள் இது அடிபடாத வேறு கப்பல் என்று நினைத்துத் தாக்கினார்கள். ஆக அடுத்த பகுதியில் யமாட்டோ சுத்தமாகத் தெரிந்தால் உடனே குற்றம் சொல்ல வேண்டாம். இரண்டு பகுதிக்கும் நடுவில் கதைப்படி எத்தனை நாள் ஓடியது, எங்காவது நின்று உலோகம் சேகரித்தார்களா, வேலை செய்ய எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று பாருங்கள். 114 பேர் கொண்ட கப்பலுக்கும் 999 பேர் கொண்ட கப்பலுக்கும் இங்கே விடை மாறும்.

எந்தக் கணக்கிலும் அடங்காதது மூன்றாம் பாலம். பழைய தொடரில் எதிரிகளின் காமிலாஸ் கிரகத்தின் கந்தக அமிலக் கடலில் அது உருகி அறுந்து விழுகிறது, பின்னால் வந்த படைப்புகளில் ஒன்றும் நடக்காதது போல அதே இடத்தில் தொங்குகிறது. என் குறிப்பேட்டில் அதற்கு இரண்டு வரி வைத்திருக்கிறேன். கதைக்குள்: "மூன்றாம் பாலம், முழு இழப்பு, உள்ளே இருந்தவர்களோடு. பின்னர் புதிதாகக் கட்டப்பட்டது, எப்போது என்று காட்டப்படவில்லை." கதைக்கு வெளியே: "கப்பலின் வடிவத்தை மாற்ற வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கலாம், என் ஊகம்." இரண்டு வரியையும் இரண்டு நிறத்தில்.

இதை ஒரு சண்டைக்குச் செய்ய ஒரு முழு வார இறுதி ஆகும், முதல் தடவை என்றால் இரண்டு. முடித்ததும் அந்தக் காட்சியை ஒருமுறை நிறுத்தாமல் ஓடவிட்டுப் பாருங்கள். முதல் தடவை வெறும் இரைச்சலாகக் கேட்ட அறிக்கைகள், அடிவயிற்றிலிருந்து பாலம் வரை மாலுமிகள் கத்தும் அந்தச் சின்னச் சின்ன வாக்கியங்கள், இப்போது ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்திலிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.